அக்குவாவின் ஏசி கொம்பிறசரை வீட்டு முற்றத்தில் மாற்றலாமா?

கேள்வி: அண்ணை, நான் கிளிநொச்சியில் கணித ஆசிரியர். 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் ஒன்று வைத்திருக்கிறேன். சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து ஏசி ஒரு நாள் குளிரும், மறுநாள் குளிராது. இப்போது பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, காற்று சூடாகத்தான் வருகிறது. கராஜில் பார்த்துவிட்டு, கொம்பிறசர் போய்விட்டது என்றார்கள். புதியது போட அவர்கள் கேட்ட தொகை எனக்குக் கட்டாது. தெரிந்தவர் ஒருவர் மூலம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த கொம்பிறசர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் எஞ்சினை நானே பிரித்துப் பூட்டுவேன். மச்சான் வீட்டு ஏசியும் பிரிட்ஜும் திருத்துகிறவர். காஸ் ஏற்றுகிற சாமான் எல்லாம் அவரிடம் உண்டு. இருவரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்திலேயே இதை மாற்றிவிடலாமா? அதுவரை காரை ஓடலாமா?

பதில்:

அன்பின் தம்பிக்கு,

கழற்றிப் பூட்டுகிற வேலை உங்கள் கைக்கு எட்டாத ஒன்றல்ல. எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறவருக்கு நான்கைந்து போல்ற்றுகளும் இரண்டு குழாய்களும் பெரிய விடயமா? ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொம்பிறசர்தான் பழுது என்று நிரூபிக்கிற எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அதோடு, அந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது உயர் வோல்ற் மின்சாரமல்ல, மச்சானின் காஸ் ஏற்றும் குழாய்கள். மின்சாரத்துக்கு எல்லோரும் பயப்படுவார்கள், அதனால் கவனமாக இருப்பார்கள். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஒயிலுக்கு யாரும் பயப்படுவதில்லை. ஹைபிரிட் காரின் ஏசியை முழுதாக நாசமாக்குவது பெரும்பாலும் அதுதான்.

முதலில் பழுது எது என்று பார்ப்போம். சாதாரணக் காரில், ஏசி காஸை அழுத்தித் தள்ளும் கொம்பிறசரை எஞ்சின் பெல்ட் சுற்றும். முன்னால் ஒரு கிளச் இருக்கும். அது "டிக்" என்று பிடிக்கிறதா என்று பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். அக்குவாவில் பெல்ட்டும் இல்லை, கிளச்சும் இல்லை. கொம்பிறசருக்குள்ளேயே ஒரு மின் மோட்டரும் அதை ஓட்டும் இன்வேர்ட்டரும் இருக்கின்றன. 144 வோல்ற் ஹைபிரிட் பற்றரியிலிருந்து செம்மஞ்சள் நிற வயர் வழியாக அதற்கு மின் வருகிறது. எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை ஏசி கணினி சொல்லும். எஞ்சின் நின்றிருக்கும்போதும் ஏசி குளிர்வது இதனால்தான்.

அந்தக் கணினி "சுற்றாதே" என்று சொல்லப் பல காரணங்கள் உண்டு. குழாயில் இருக்கும் அழுத்த உணரி காஸ் குறைந்துவிட்டது என்று சொன்னால் நிறுத்தும். முன்னால் இருக்கும் விசிறி சுற்றாமல் அழுத்தம் எல்லை மீறி ஏறினாலும் நிறுத்தும். உணரியின் வயர் எலி கடித்து அறுந்திருந்தாலும், கணினிக்கும் கொம்பிறசருக்கும் இடையிலான தகவல் வயர் பழுதானாலும் நிறுத்தும். எல்லாவற்றுக்கும் வெளியில் தெரிகிற அறிகுறி ஒன்றுதான்: பொத்தான் விளக்கு மின்னும், காற்று சூடாக வரும். "ஒரு நாள் குளிரும், மறுநாள் குளிராது" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது காஸ் மெல்ல மெல்லக் கசிவதும் விசிறிப் பழுதும்தான் எனக்கு முதலில் தோன்றின. ஏ9 வீதியில் லொறிகளுக்குப் பின்னால் ஓடுகிற காரின் முன்னால் இருந்து காஸின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சரில் கல் தெறித்து ஊசிமுனை அளவு ஓட்டை விழுவது நடக்காத காரியமல்ல.

ஆகவே ஒரு ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் ஸ்கேன் செய்யுங்கள். கைத்தொலைபேசியோடு இணைகிற மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளோடு நின்றுவிடும். ஏசி கணினியையும் ஹைபிரிட் கணினியையும் தனித்தனியே வாசிக்கிற ரொயோட்டா மென்பொருளோ அதற்கு நிகரான ஸ்கேனரோ வேண்டும். ஏசி கணினியில் பி1423 (B1423) வந்தால் அது அழுத்த உணரியின் பக்கம். காஸ் போய்விட்டாலும் இது வரும். ஹைபிரிட் கணினியில் பி0ஏஏ6 (P0AA6) வந்தால் கவனம். உயர் வோல்ற் சுற்றிலிருந்து காரின் உடலுக்கு மின் கசிகிறது என்பது அதன் அர்த்தம். அதோடு மூன்று இலக்க உப எண் ஒன்றும் இருக்கும். 611 என்றால் கசிவு ஏசி பகுதியில். 612 என்றால் பற்றரிப் பக்கம், 613 என்றால் கியர்பெட்டி மோட்டர்கள், 614 என்றால் இன்வேர்ட்டரை ஒட்டிய பகுதி. உங்கள் கராஜ்காரரிடம் போய், "எந்தக் குறியீட்டை வைத்துக் கொம்பிறசர் என்று சொன்னீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாதவரின் முடிவை நம்பி நீங்கள் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை.

அழுத்தமானியை மாட்டிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு விடயம். கார் ஓடாமல் நிற்கும்போது 30 பாகை வெயிலில் மானி ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும். அதைப் பார்த்துவிட்டு "காஸ் நிறைய இருக்கிறது, அப்போ கொம்பிறசர்தான்" என்று சொல்கிறார்கள். அது சரியல்ல. உள்ளே ஒரு துளி திரவக் காஸ் மிஞ்சியிருந்தாலும் அதே 97தான் காட்டும், முழுதாக நிரம்பியிருந்தாலும் அதேதான். வெப்பநிலைதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது, அளவு அல்ல. மானி அதைவிட மிகக் குறைவாகக் காட்டினால் மட்டும் காஸ் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எல்லாவற்றையும் மீட்டெடுத்து எடை நிறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, இப்போது மச்சானின் குழாய்களுக்கு வருகிறேன்.

உங்கள் கொம்பிறசருக்குள் மோட்டரின் செப்புச் சுருள்கள் காஸிலும் ஒயிலிலும் நனைந்தபடியேதான் ஓடுகின்றன. நூறு வோல்ற்றுக்கு மேல் ஓடுகிற சுருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒயில் மின்னைக் கடத்தக்கூடாது. அதற்காகத்தான் இவற்றில் பிஓஈ எனப்படும் எஸ்டர் வகை ஒயில் போடுகிறார்கள். டென்சோ கொம்பிறசர்களுக்கு அதன் பெயர் என்டி ஒயில் 11. பெல்ட் கொம்பிறசர் உள்ள கார்களுக்குப் போடுவது பிஏஜி என்கிற வேறு ஒயில். அங்கே உள்ளே மோட்டர் இல்லாததால் அது கொஞ்சம் மின் கடத்தினாலும் பரவாயில்லை. அந்த பிஏஜி சிறிதளவு உங்கள் அக்குவாவுக்குள் போனாலும் மின் வெளியே கசியாமல் தடுக்கும் காப்புத் தடை சரிந்துவிடும். பிறகு கணினி பி0ஏஏ6 போட்டு எச்சரிக்கை விளக்கை எரியவிடும்.

அதன் பிறகு கொம்பிறசரை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. ஒயில் காஸோடு சேர்ந்து கொண்டென்சர், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பறேற்றர், குழாய்கள் என்று எல்லா இடமும் சுற்றி வந்திருக்கும். மெல்லிய துவாரங்கள் கொண்ட இந்தக் காலத்துக் கொண்டென்சரைக் கழுவியெடுக்க முடியாது. டாஷ்போர்டைக் கழற்றி எவாப்பறேற்றர் வரை மாற்ற வேண்டி வரும். அப்போது கராஜ் உங்களிடம் முதலில் கேட்ட தொகை சின்னதாகத் தெரியும். இந்த நிலையில் வந்து நிற்கும் கார்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் கஷ்டப்படும். சேமிக்கலாம் என்று எண்ணிச் செய்த வேலையாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

பிஏஜி உள்ளே போகிற வழிகள் பல. எல்லாக் கார்களுக்கும் பாவித்த மானிக்குழாயின் உட்சுவரில் ஒட்டியிருப்பது போதும். "ஒயிலும் சேர்த்தது" என்று எழுதி விற்கும் சிறு காஸ் தகரங்களில் அது இருக்கும். கசிவு தேடப் போடுகிற ஒளிரும் சாயங்கள் சிலவற்றில் அதுவே கரைப்பான். புது ஓ-ரிங் போடும்போது வழுக்குவதற்காக விரலில் தொட்டுத் தடவுவார்களே, அந்த ஒயில்கூட எஸ்டராகத்தான் இருக்க வேண்டும். கசிவை அடைக்கும் பசைகளைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம்.

மச்சானுக்கு இது பொருந்தாதே, அவர் கார் வேலை செய்பவர் இல்லையே என்று நினைப்பீர்கள். பழைய வீட்டு ஏசிகளில் ஆர்22 என்கிற காஸ் இருக்கும், அதற்கு மினரல் ஒயில். ஆர்410ஏ ஏசியில் இருப்பது எஸ்டர்தான், ஆனால் அது வேறு தரம், வேறு சேர்மானம். பிரிட்ஜில் இன்னொன்று. இவை எல்லாவற்றின் எச்சமும் அவருடைய குழாயில் இருக்கும். அவர் திறமையானவராகவே இருக்கட்டும். அவருடைய திறமைக்கும் குழாய்க்குள் இருக்கும் ஒயிலுக்கும் தொடர்பு இல்லை. அவரை உதவிக்கு வைத்துக்கொள்ள விரும்பினால், உங்கள் காருக்கென்று புது மானியும் புதுக் குழாய்களும் வாங்குங்கள். அவருடைய வாக்குவம் பம்பைப் பாவிக்கலாம், ஆனால் அதன் ஒயிலைப் புதிதாக மாற்றி, புதுக் குழாய் வழியாக மட்டும் இணையுங்கள்.

காஸ் வாங்குவதிலும் மலிவு தேடவேண்டாம். உங்கள் காரின் ஏசிக்குரிய காஸான ஆர்134ஏ என்று ஒட்டி வேறு எதையோ அடைத்து விற்பது உலகம் முழுக்க உண்டு. 2011இல் இப்படிப் போலிக் காஸ் ஏற்றப்பட்ட குளிர்க் கொள்கலன்கள் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். அதில் கலந்திருந்த மெதைல் குளோரைட்டு அலுமினியத்தோடு தாக்கம் புரிந்து வெடிக்கிற பொருளை உண்டாக்கியதுதான் காரணம். உங்கள் கொம்பிறசரின் உடலும் அலுமினியம்தான். சமையல் காஸ் வகையறாவைக் கலந்து ஏற்றித் தருவோரும் உண்டு. ஒரு கசிவு, அருகில் ஒரு தீப்பொறி. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இனி மின்சாரம். 60 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்ட மின்னை (டிசி) வாகனத் தொழிலில் உயர் வோல்ற் என்றே கணக்கிடுகிறார்கள். உங்கள் பற்றரி 144. காரை ஓட்டும் மோட்டர்களுக்காகக் காரின் பிரதான இன்வேர்ட்டர் அதை 520 வோல்ற் வரை உயர்த்துகிறது. வீட்டு மின்சாரத்தில் அடிபட்டுப் பழகியவர்கள் "144தானே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பற்றரி ஒரு நொடியில் தள்ளக்கூடிய மின்னோட்டம் மிகப் பெரியது. நேரோட்ட மின் தசையைப் பிடித்தால் கையை எடுக்க முடியாமலும் போகலாம்.

கார் நின்று திறப்பை அணைத்தவுடன் பற்றரிப் பெட்டியில் உள்ள ரிலேக்கள் திறந்து உயர் வோல்ற்றைத் துண்டித்துவிடும். ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் செம்மஞ்சள் வயரைத் தொடுவதில்லை. முறை இதுதான்: திறப்பைக் காரிலிருந்து எட்டத்தில், வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். ஸ்மார்ட் திறப்பு சட்டைப்பையில் இருந்தால் யாராவது தெரியாமல் பொத்தானை அழுத்த, கார் உயிர்த்துவிடும். பிறகு 12 வோல்ற் பற்றரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். அக்குவாவில் அது பொனற்றுக்குள் இல்லை, பின்பக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஹைபிரிட் பற்றரியோடு இருக்கும், உயர் வோல்ற்றைக் கையால் துண்டிக்கிற செம்மஞ்சள் நிற சேர்விஸ் பிளக். அதைக் கழற்றும்போது 1000 வோல்ற்றுக்குத் தரப்படுத்திய, 'கிளாஸ் 0' முத்திரை உள்ள இறப்பர் கையுறை அணிந்திருக்க வேண்டும். அணிவதற்கு முன் கையுறையின் வாயைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசித்துளை ஒன்று போதும், கையுறை பயனற்றுப் போக. கழற்றிய பிளக்கை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் வைத்தால் உதவிக்கு வருகிற இன்னொருவர் நல்லெண்ணத்தில் எடுத்துப் பூட்டிவிடலாம்.

பிறகு குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். பிரதான இன்வேர்ட்டருக்குள் இருக்கும் கொள்ளளவிகள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அது வடிய அந்த நேரம் வேண்டும். காத்திருந்தால் மட்டும் போதாது. உயர் வோல்ற்றுக்கு உரிய தர மதிப்பீடு உள்ள மல்ரிமீற்றரை முதலில் 12 வோல்ற் பற்றரி ஒன்றில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, கையுறையோடு உயர் வோல்ற் முனைகளை அளந்து, பூச்சியம் என்று கண்ட பின்புதான் ஸ்பானர் பிடிக்க வேண்டும். சேர்விஸ் பிளக்கை எடுத்தாலும் பற்றரிப் பெட்டிக்குள் மின் அப்படியேதான் இருக்கும். அந்தப் பெட்டியைத் திறக்கும் யோசனை ஒருபோதும் வேண்டாம்.

இதை எழுதியதால் "அண்ணை வழி சொல்லிவிட்டார்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்னைத் துண்டித்து அளந்து பார்க்கும் இந்த ஒரு கட்டத்தை ஹைபிரிட் பயிற்சி பெற்ற ஒருவரைக் கூப்பிட்டுச் செய்வியுங்கள். முழு வேலைக்கான கூலி அல்ல இது, சிறிது நேரக் கூலிதான். உங்கள் ஊரிலேயே அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். அங்கே படித்து வெளியேறியவர்களில் ஹைபிரிட் வேலை செய்கிறவர் யார் என்று விசாரியுங்கள். அவர் சொந்தக் கையுறையும் மீற்றரும் கொண்டுவருகிறாரா என்று கேளுங்கள். "கையுறை எல்லாம் எதற்கு?" என்று கேட்பவராக இருந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வாங்கி வைத்திருக்கும் பாவித்த கொம்பிறசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடுத்துப் பாருங்கள்: குழாய் பூட்டுகிற இரண்டு வாய்களும் இறுக்கமாக மூடியிருக்கின்றனவா? எஸ்டர் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை விரைவாக உறிஞ்சும். வாய் திறந்தபடி பஞ்சிகாவத்தைக் கடை றாக்கையில் மாதக்கணக்கில் கிடந்தது என்றால் உள்ளே இருக்கும் ஒயில் ஈரம் குடித்துக் கெட்டிருக்கும். மூடியிருந்தால் அடுத்த சோதனை, 500 வோல்ற் காப்புத்தடை மானி. உயர் வோல்ற் முனைக்கும் கொம்பிறசர் உடலுக்கும் இடையே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு முனைகளுக்கும் இடையே ஒருபோதும் வைக்கக்கூடாது, உள்ளே இருக்கும் இன்வேர்ட்டர் எரிந்துபோகும். பல மெகா ஓம் காட்டுகிற கொம்பிறசரைப் பூட்டலாம். ஒரு மெகா ஓமுக்கும் கீழே காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாதாரண மல்ரிமீற்றரின் ஓம் அளவை இங்கே நம்ப வேண்டாம். அதன் சிறிய மின்னழுத்தத்தில் தெரியாத கசிவு 144 வோல்ற்றில் தெரியும்.

ஒயிலைக் கொஞ்சம் வெள்ளைத் தாளில் ஊற்றிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்து, வெள்ளித்தூள் மினுங்கினால் அந்தக் கொம்பிறசர் உள்ளே தேய்ந்தது. முன்பு இருந்த காரில் யாராவது பிஏஜி ஊற்றியிருந்தார்களா என்பதை மட்டும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பாவித்த கொம்பிறசரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை தனியார் கார்களை உள்ளே விடாததால் எல்லோரும் பழைய ஹைபிரிட்களையே பிடித்துவைத்து ஓடுகிறோம். புதுப் பாகங்களின் விலை என்னவென்று எனக்கும் தெரியும், வாங்குகிறவரின் கஷ்டமும் புரிகிறது. ஆனாலும் திருப்பிக் கொடுக்க வழி இருந்தால், காப்புத்தடை நல்லதாகக் காட்டினால்கூட, திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதற்குப் பணம் சேருங்கள் என்பதே என் எண்ணம்.

இப்போது உங்கள் கைக்கு உரிய பகுதி. பழைய காஸை முதலில் ஒரு கடையில் மீட்டெடுக்கச் செய்யுங்கள்; அவர்களுடைய இயந்திரம் ஹைபிரிட்டுக்குத் தனியாக வைத்ததா என்று கேட்டுவிட்டு விடுங்கள். குழாயைத் தளர்த்தி வெளியில் விடாதீர்கள். ஒரு கிலோ ஆர்134ஏ வெளியேறினால் சூழலுக்கு அது 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதோடு அது −26 பாகையில் கொதிக்கிற பொருள். கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி அணியாமல் யாரும் அந்தக் குழாய்க்கு முன் குனியக்கூடாது.

காஸ் எடுத்து, மின் துண்டித்து, பூச்சியம் அளந்து முடிந்தபின் கார் ஒரு சாதாரணக் கார்தான். கீழ்க்கவசத்தைக் கழற்றிக் கீழிருந்தே வேலை செய்யலாம். உங்கள் முற்றம் மணல் என்றால் ஜக் மட்டும் வைத்துக் கீழே போகாதீர்கள். சீமெந்துத் தரையில், ஸ்டாண்ட் வைத்துத்தான். செம்மஞ்சள் இணைப்பியையும் சிறிய இணைப்பியையும் எடுத்து, குழாய்களைக் கழற்றியவுடன் வாய்களை மூடிவிடுங்கள். புதுக் கொம்பிறசரின் மூடியைக் குழாய் பூட்டுகிற நிமிடம் வரை திறக்க வேண்டாம். ஓ-ரிங்குகள் எல்லாம் புதியவை. குழாயின் சிறு போல்ற்றுகளை டோர்க் சாவியால் ஏறத்தாழ 10 நியூட்டன் மீற்றருக்கு மேல் இறுக்காதீர்கள். அலுமினியப் புரி உரிந்துபோகும்.

பலர் தவறவிடுகிற இடம் ஒயில் அளவு. புதுக் கொம்பிறசர் முழுத் தொகுதிக்கும் தேவையான ஒயிலோடு வருகிறது. ஆனால் உங்கள் குழாய்களிலும் கொண்டென்சரிலும் பழைய ஒயில் ஏற்கனவே இருக்கிறதே. அதனால் பழைய கொம்பிறசரிலிருந்து வடிகிற ஒயிலை அளந்து, புதியதிலும் அவ்வளவே மிஞ்சும்படி மீதியை வடித்துவிட வேண்டும். அப்படியே பூட்டினால் ஒயில் கூடிக் குளிர் குறையும். வடிந்த பழைய ஒயிலில் உலோகத்தூள் கண்டால் வேலையை அதோடு நிறுத்துங்கள். கொண்டென்சரையும் எக்ஸ்பான்சன் வால்வையும் மாற்றாமல் புதுக் கொம்பிறசரைப் பூட்டினால் அந்தத் தூள் அதையும் தின்றுவிடும். ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திப் பொதி கொண்டென்சரின் ஓரக் குழலுக்குள் இருக்கிறது. தொகுதி நீண்ட நாள் திறந்து கிடந்திருந்தால் அதுவும் புதியது வேண்டும்.

வாக்குவம் பிடிப்பதில் அவசரம் கூடாது. காற்றை எடுப்பது சில நிமிட வேலை. ஈரத்தை எடுக்கத்தான் நேரம் வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் நீர் அந்தத் தாழ் அழுத்தத்தில் கொதித்து ஆவியாகி வெளியேற வேண்டும். முக்கால் மணி நேரமாவது பம்ப் ஓடட்டும், பிறகு மூடிவைத்து முள் ஏறுகிறதா என்று பாருங்கள். காஸை ஏற்றுவது தராசு வைத்து, பொனற் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு மட்டும். அரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிடிக்கிற சிறிய தொகுதி இது. ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியும். குழாயைத் தொட்டுப் பார்த்து, குமிழி பார்த்து ஏற்றுகிற பழக்கம் இங்கே உதவாது. இந்தக் கட்டத்தையும் கடையில் விடுங்கள் என்பேன். மீட்டெடுத்த அதே இடத்தில், எஸ்டர் ஒயில் மட்டும் கண்ட குழாய்களால். காஸ் ஏற்றும்போது கார் 'ரெடி' நிலையில் இருக்கும். சத்தமே வராது, ஆனால் எஞ்சின் எந்த நொடியும் தானாகப் பிடிக்கும், விசிறியும் சுற்றும். கையை உள்ளே விடாதீர்கள்.

ஒரு சின்ன விலகல். இதைப் படிக்கிற வகன்ஆர் உரிமையாளர்கள் பயப்பட வேண்டாம். சுசுகியின் அந்தச் சிறு ஹைபிரிட்டில் ஏசி கொம்பிறசர் பெல்ட்டில்தான் ஓடுகிறது, ஒயிலும் வழமையான வகைதான். ஆனால் பிரியஸ், அக்குவா, வெசல், ஜிபி5 ஃபிட் எல்லாம் மின் கொம்பிறசர். ஹொண்டாவுக்கு ரொயோட்டாவின் ஒயிலைப் போடாமல், அந்தந்தக் காரின் ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை மட்டும் போடுங்கள்.

கடைசியாக, அதுவரை காரை ஓடலாமா என்று கேட்டீர்கள். ஸ்கேன் முடிவுதான் இதற்குப் பதில். ஏசி கணினியில் மட்டும் குறியீடு இருந்து, பி0ஏஏ6 இல்லை என்றால் ஓடலாம், ஏசியை அணைத்துவிட்டு. பி0ஏஏ6 இருந்தால் அதைச் சரிபார்க்கும் வரை காரை நிறுத்திவையுங்கள். தண்ணீர் ஊற்றிப் பொனற்றுக்குள் கழுவவும் வேண்டாம்.

ஓடுகிற நாட்களில் பின் சீற்றைக் கவனியுங்கள். உங்கள் ஹைபிரிட் பற்றரி குளிர்வது காரின் உள்ளே இருக்கும் காற்றால்தான். பின் சீற் ஓரத்தில் உள்ள சிறு காற்றுவாய் வழியாக ஒரு விசிறி அதை இழுக்கிறது. ஏசி இல்லாத கார் கிளிநொச்சி மதிய வெயிலில் எவ்வளவு சூடாகும் என்று உங்களுக்குத் தெரியும்; பற்றரிக்கும் அதே காற்றுத்தான். பாடசாலையில் நிழலில் நிறுத்துங்கள், ஏறியவுடன் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியே விட்டபின் ஓடுங்கள், அந்தக் காற்றுவாயைப் பையோ பாயோ மூடாமல் பாருங்கள். அதில் தூசி வடி இருந்தால் கழற்றித் தட்டிவிடுங்கள். கொழும்புக்குப் போவது போன்ற நீண்ட பயணத்தை முடிந்தால் அதிகாலையில் வையுங்கள்.

ஸ்கேன் செய்த குறியீடுகளையும், உப எண் இருந்தால் அதையும், பொனற் ஸ்டிக்கரின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். பாவித்த கொம்பிறசரின் காப்புத்தடை எவ்வளவு என்றும் எழுதுங்கள். அதுவரை, ஒயிலைப் பார்க்க ஒரு முறை தவிர, அதன் வாய் மூடிகளைத் திறக்க வேண்டாம்.